கடலுக்குள் போய் வந்தால் ஏன் குமட்டுகிறது?

லாஸ்பேட்டையிலிருந்து பேசுகிறேன். இந்த வார எபிசோடுக்குக் காரணம் ஒரு நேயர் அனுப்பிய ஒற்றை வரிக் கேள்வி. "அண்ணா, ஸ்கூபா போயிட்டு மேல வந்ததும் வயித்தைப் பிரட்டுது, ஏன்?" அவ்வளவுதான்.

நான் டாக்டர் இல்லை. வரலாறு படிக்கிறவன். அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் எப்போது, யாருக்குக் கிடைத்தது என்று தேடிப்போனேன். பதில் ஒரே இடத்தில் கிடைக்கவில்லை. ஒரு துண்டு பாரிஸில் ஒரு காது வைத்தியரிடம் இருந்தது. இன்னொன்று பிரான்ஸில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில். மூன்றாவது பசிபிக் கடலில் ஒரு பவளத் தீவில். நம்ம மன்னார் வளைகுடாவில் இந்தக் குமட்டல் நூற்றாண்டுக் கணக்காக இருந்திருக்கும். ஆனால் அங்கே கேள்வி கேட்க ஆள் இல்லை. அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

1803-இல் ராபர்ட் பெர்சிவல் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி இலங்கையைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் மன்னார்க் கரையில் நடந்த முத்துக்குளிப்பைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஒரு படகில் பத்துக் குளியாளிகள். காலடியில் கல் கட்டிய கயிறு, மூச்சை அடக்கி மூக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இறக்கம், கீழே சிப்பியை வாரி வலைப் பையில் போடுதல், கயிற்றை ஆட்டியதும் மேலே இருப்பவர்கள் இழுத்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது முறை. மேலே வந்தவர்களின் வாய், மூக்கு, காது வழியாகத் தண்ணீர் வரும், பல சமயம் ரத்தமும் வரும், அப்படியும் தங்கள் முறை வந்ததும் மறுபடி இறங்கிவிடுவார்கள் என்கிறார்.

இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். காதில் ரத்தம் வருகிற ஒருவர் மறுபடி கடலில் குதிக்கிறார். எழுதியவருக்கு அது அவர்களுடைய உடல்வாகின் அதிசயமாகத் தெரிந்திருக்கிறது.

நடந்தது என்னவென்று இன்று நமக்குத் தெரியும். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. செவிப்பறைக்கு உள்பக்கம் இருக்கும் காற்றறைக்குத் தொண்டையிலிருந்து ஒரு சின்னக் குழாய் போகிறது. அந்தக் குழாய் வழியாகக் காற்று உள்ளே போய்ச் சமன் செய்தால் காது தப்பும். இல்லையென்றால் பறை உள்ளே பிதுங்கும், வலிக்கும், கடைசியில் கிழியும். மூக்கைப் பிடித்து ஊதினால் அந்தக் குழாய் திறக்கும் என்று இத்தாலியரான வல்சால்வா 1704-இல் எழுதினார். இன்றைக்கு ஸ்கூபா சொல்லிக்கொடுப்பவர் முதல் பாடமாகச் சொல்வது இதைத்தான். மன்னார்க் குளியாளி மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கியது தண்ணீர் ஏறாமல் இருக்க மட்டும்தானா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தலைமுறை தலைமுறையாக இறங்கியவர்களின் விரலுக்கு இந்த வித்தை தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம். முத்துக்குளிப்புக் காலத்தில் சுறாவைக் கட்டிப்போட மந்திரம் சொல்லும் 'கடல்கட்டி' என்று ஒருவர் இருந்தார். அவர் வராமல் குளியாளிகள் இறங்க மாட்டார்கள். அதனால் பிரிட்டிஷ் அரசாங்கமே அவருக்குக் கூலி கொடுத்தது. சுறாவுக்கு ஆள் வைத்தார்கள், சிப்பியை எண்ண ஆள் வைத்தார்கள். காதைப் பார்க்க வைக்கவில்லை.

சரி, காதுக்கும் வாந்திக்கும் என்ன சம்பந்தம்? 1861 வரைக்கும் மருத்துவர்களே இதைச் சரியாகச் சொல்லவில்லை. தலைசுற்றி வாந்தி எடுத்தால் மூளையில் ரத்தம் ஏறிவிட்டது என்று சொல்லி ரத்தத்தை இறக்குவார்கள். பாரிஸில் காது கேளாதோர் நிறுவனத்தில் மருத்துவராக இருந்த ப்ரோஸ்பெர் மெனியேர், அந்த ஆண்டு மருத்துவ அகாடமியில் எழுந்து நின்று, இல்லை, இது உள்காதுக் கோளாறு என்றார். உலகம் சுற்றுவதும் காது இரைவதும் குமட்டுவதும் சேர்ந்து வந்தால் காதுக்குள் பாருங்கள் என்றார். அடுத்த ஆண்டே இறந்துபோனார். இன்றும் ஒரு நோய்க்கு அவர் பெயர்தான்.

1882-இல் அமெரிக்காவில் வில்லியம் ஜேம்ஸ் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். காது கேளாதவர்களைச் சுற்றவிட்டுப் பார்த்தார். அவர்களில் பலருக்குக் கிறுகிறுப்பே வரவில்லை. கப்பலில் போனாலும் சிலருக்குக் கடல் ஒத்துக்காமல் போவதில்லை என்று தெரிந்தது. ஆக, படகில் போகும்போது குடலைப் புரட்டுவதும் காதின் வேலைதான். கண் ஒன்று சொல்கிறது, உள்காது வேறொன்று சொல்கிறது, நடுவில் வயிறு மாட்டிக்கொள்கிறது.

பிறகு வியன்னாவில் ராபர்ட் பாராணி. நோயாளிகளின் காதைக் கழுவும்போது தண்ணீர் ரொம்பக் குளிர்ச்சியாக இருந்தாலும் சூடாக இருந்தாலும் அவர்களுக்குத் தலைசுற்றுகிறது, உடல் சூட்டில் இருந்தால் சுற்றுவதில்லை என்று கவனித்தார். உள்காதுக்குள் இருக்கும் திரவத்தின் ஒரு பக்கம் குளிர்ந்தால் அது நகர ஆரம்பிக்கிறது. உடம்பு சுழல்வதாக மூளை ஏமாறுகிறது. இதற்காக அவருக்கு 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு. செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி.

இதைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி பெர்சிவலைப் படியுங்கள். கடலுக்கடியில் ஒரு காதுப்பறை கிழிகிறது. உடல் சூட்டில் இருக்கும் நடுக்காதுக்குள் கடல் தண்ணீர் ஒரு பக்கமாகப் பாய்கிறது. எது மேலே, எது கீழே என்று தெரியாது. வாந்தி வரும். ஒரே மூச்சோடு அறுபதடி ஆழத்தில் இருக்கிறவருக்கு இது வந்தால் என்ன ஆகும்? கையில் இருக்கும் கயிறு ஒன்றுதான் வழி. அந்தக் கயிறு சிப்பிப் பைக்காக மட்டும் இருந்ததில்லை.

இதுவரை காது. ஆனால் காதில் கோளாறே இல்லாமல் மேலே வந்த பிறகு உடம்பு கெட்டுப்போகிறவர்கள் உண்டு. அந்தக் கதை தரைக்குக் கீழே, லுவார் ஆற்றங்கரையில் தொடங்குகிறது.

1839 வாக்கில் ஜாக் ட்ரிஜே என்ற பொறியாளர் ஆற்றுமணலுக்குக் கீழே நிலக்கரி எடுக்கப் பார்த்தார். குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. பெரிய இரும்புக் குழாயை இறக்கி, அதில் காற்றை அழுத்தி அடைத்துத் தண்ணீரை வெளியே தள்ளினார். ஆட்கள் அந்த அழுத்தக் காற்றுக்குள் போய் வேலை செய்தார்கள். வெளியே வந்தபிறகு சிலருக்கு மூட்டுகளில் கடுமையான வலி. 1854-இல் போல், வாட்டெல் என்ற இரண்டு மருத்துவர்கள் இப்படிப்பட்ட தொழிலாளர்களைப் பற்றி எழுதினார்கள். உள்ளே இருக்கும்வரை ஒன்றும் இல்லை, வெளியே வரும்போதுதான் உடம்பு விலை கொடுக்கிறது என்பதுதான் அவர்கள் கண்டது. எனக்கு இந்த எபிசோடில் மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது. என்ன வருகிறது என்பதைவிட எப்போது வருகிறது என்று பார்த்தார்கள்.

காரணத்தைச் சொன்னவர் பால் பேர். 1878-இல் வந்த அவருடைய பெரிய நூல், காற்றழுத்தத்தைப் பற்றியது. நாய்களை அழுத்த அறையில் வைத்து, அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிப் பார்த்தார். ரத்தத்தில் குமிழிகள். குமிழிகளில் இருந்தது பெரும்பாலும் நைட்ரஜன். ஆழத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடம்பில் கரைகிறது, வேகமாக மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழியாக வெளியேறுகிறது. மெதுவாக மேலே வா என்றார். ஏற்கெனவே கஷ்டம் வந்துவிட்டதா, ஆக்சிஜன் கொடு என்றார். இன்றும் முதலுதவி அதுதான். (பேர் பிறகு அரசியலுக்குப் போய் அமைச்சராகி, பிரெஞ்சுக்காரர்களின் ரெசிடென்ட் ஜெனரலாக வியட்நாம் போய், 1886-இல் ஹனோயில் இறந்தார். காலனி இருந்த ஊர்க்காரர்கள் நமக்கு இந்த மாதிரி முடிவுகள் பழக்கம்தானே.)

நடுவில் ஒரு நாவல். 1860-களில் ருக்கேரோல், தெனைரூஸ் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் முதுகில் காற்றுத் தொட்டியோடு நீருக்குள் போகும் கருவி செய்தார்கள். ழூல் வேர்ன் அதை அப்படியே எடுத்து, 1870-இல் முடிந்த தன் கடலடி நாவலில் கேப்டன் நீமோவுக்கு மாட்டிவிட்டார். அந்தக் கருவியோடு நீமோ எங்கே போகிறார் தெரியுமா? மன்னார் முத்துப் படுகைக்கு. அங்கே வெறும் மூச்சோடு இறங்கிய ஓர் ஏழைக் குளியாளியைச் சுறாவிடமிருந்து காப்பாற்றி, ஒரு பை முத்தும் கொடுக்கிறார். கருவியும் கயிறும் ஒரே காட்சியில். ஆனால் அந்தக் கருவி எத்தனை பேரை முடமாக்கும் என்பது நாவலில் கிடையாது. புதிய நீர்மூழ்கிக் கருவிகளோடு இறங்கிய கிரேக்கத் தீவுகளின் பஞ்சு குளிப்பவர்களுக்குக் கால்கள் விழுந்துபோன செய்திகள் அதே காலத்தில்தான் வர ஆரம்பித்தன.

அடுத்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். ஸ்காட்லாந்துக்காரர். இவரை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கடலிலிருந்து ஏறிவந்து குமட்டுகிறவருக்குச் சொல்லக்கூடிய காரணங்களில் மூன்றை இந்த ஒரு மனிதரே தொட்டிருக்கிறார். முதலில் கார்பன் மோனாக்சைடு. 1890-களில் சுரங்க விபத்துகளை ஆராய்ந்தபோது அந்த வாயுவைத் தானே சுவாசித்து, என்ன ஆகிறது என்று குறித்துக்கொண்டார். சுரங்கத்துக்குள் கூண்டில் சின்னப் பறவையை எடுத்துப்போகும் வழக்கம் அவர் சொன்னதுதான். இரண்டாவது கார்பன் டையாக்சைடு. பிரிட்டிஷ் கடற்படையின் நீர்மூழ்கி ஆட்கள் ஆழத்தில் மூச்சுத் திணறித் துவண்டுபோனார்கள். பம்பு போதிய காற்று அனுப்பாததால் தலைக்கவசத்துக்குள் அவர்கள் விட்ட மூச்சே தேங்கி நின்றது என்று கண்டுபிடித்தார். மூன்றாவதுதான் அவர் பெயரை நிறுத்திய வேலை. ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் எங்கெங்கே நின்று நின்று மேலே வர வேண்டும் என்று அட்டவணை போட்டார். 1908-இல் பாய்காட், டேமன்ட் இருவரோடும் சேர்ந்து வெளியிட்டார். இன்று கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர் அந்த அட்டவணையின் பேரப்பிள்ளை.

1943-இல், புதுச்சேரி ஏற்கெனவே தெகோல் பக்கம் சேர்ந்துவிட்ட பிறகு, ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்ஸில் கூஸ்தோவும் எமில் கக்னானும் இன்றைய ஸ்கூபாவின் மூலக் கருவியைச் செய்தார்கள். இது எல்லாருக்கும் தெரிந்த கதை, நான் தாண்டிப்போகிறேன். 1960-களிலேயே தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் எஸ். மகாதேவனும் கே. நாகப்பன் நாயரும் ஸ்கூபாவோடு இறங்கிக் கடலடியைப் பதிவு செய்தார்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நமக்கு முக்கியமான வருஷம் 1965. அதுவரைக்கும், வெறும் மூச்சோடு இறங்குகிறவருக்கு நைட்ரஜன் தொல்லை வராது என்பதே பொதுக் கருத்து. ஒரு நுரையீரல் காற்றில் எவ்வளவு நைட்ரஜன் கரைந்துவிடும் என்று நினைத்தார்கள். அந்த ஆண்டில் மூன்று பேர் எழுதினார்கள். சுவீடனின் லண்ட்கிரென், மேலே வரும்போது ஒரு காது சமனாகி இன்னொன்று அடைத்துக்கொண்டால் தலை சுற்றிக் குமட்டும் என்று நிறுவினார். அமெரிக்கரான கிராஸ், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த துவாமோத்து தீவுகளில் முத்துச்சிப்பி எடுப்பவர்களைப் பற்றி எழுதினார். அவர்கள் 'தரவனா' என்று சொல்லும் ஒரு நோய்: தலைசுற்றல், குமட்டல், சில சமயம் கைகால் விழுதல், புத்தி பேதலித்தல். ஒரு நாளில் 235 பேர் இறங்கியதில் 47 பேருக்கு அது வந்தது. பெரும்பாலானவர்களுக்குக் கிறுகிறுப்பும் குமட்டலும். இரண்டு பேர் இறந்தார்கள்.

மூன்றாமவர் டென்மார்க்கின் பௌலெவ் என்ற மருத்துவர். அவர் கதை இன்னும் நெருக்கமானது. கடற்படைப் பயிற்சித் தொட்டியில் சுமார் 20 மீட்டர் ஆழத்துக்கு, மூச்சடக்கி, ஐந்து மணி நேரத்தில் அறுபது முறை போல இறங்கினார். ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிஷம். முடிந்ததும் குமட்டல், தலைசுற்றல். கொஞ்ச நேரத்தில் இடுப்பு வலி, மரத்துப்போதல், பார்வை மங்கல். அழுத்த அறையில் போட்டதும் சரியாயிற்று. ஆக, நைட்ரஜன்தான்.

இப்போது எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பௌலெவ்: 20 மீட்டர், அறுபது முறை. மன்னார்: பத்திலிருந்து பதினெட்டு மீட்டர், நாற்பது ஐம்பது முறை. ரொம்ப தூரம் இல்லை. அப்படியென்றால் நம் குளியாளிகளுக்கும் தரவனா வந்திருக்குமா?

என் கணிப்பு: அவ்வளவாக வந்திருக்காது. காரணம் ஒரு பழக்கம். படகில் பத்துப் பேர் இருந்தாலும் ஐந்து பேர்தான் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். மற்ற ஐந்து பேர் படகில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார்கள். இறங்குவதும் இரண்டு நிமிஷம் இல்லை, ஒன்று. கிராஸும் இதையே வேறொரு இடத்தில் பார்த்தார். பக்கத்தில் மங்கரேவா தீவுக்காரர்கள் அதே ஆழத்துக்குப் போனாலும் ஒவ்வொரு முறைக்கும் நடுவில் பன்னிரண்டு, பதினைந்து நிமிஷம் ஓய்வெடுத்தார்கள். அவர்களுக்குத் தரவனா வரவில்லை. 'முறை' வைத்து இறங்குவது நியாயமாகக் கூலி பங்கிட ஏற்பட்ட வழக்கமாக இருக்கலாம், களைப்புக்காக இருக்கலாம். ஆனால் அந்த இடைவெளியில் நைட்ரஜன் வெளியே போய்க்கொண்டிருந்தது.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். பதில் வந்தது அதற்கு நாலு வருஷம் கழித்து. அந்தக் கரையில் கேட்டிருந்தால் அதற்கு முன்பே கிடைத்திருக்கக்கூடிய பதில். இது எனக்கு ஆறவே இல்லை.

முத்து போனாலும் சங்கு இருக்கிறது. தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கம் சங்குகுளிப்பவர்கள் பலர் இன்று கம்ப்ரசர் வைத்துத்தான் இறங்குகிறார்கள். படகில் ஒரு எஞ்சின், நீளமான ஹோஸ், வாயில் காற்று. மேலே வந்து மூச்சு வாங்க வேண்டியதில்லை, அதனால் முறையும் இல்லை. மணிக்கணக்கில் கீழேயே இருக்கலாம். எஞ்சின் புகை காற்றுக் குழாய்க்குள் போனால் ஹால்டேனின் முதல் காரணம். வேகமாக மேலே வந்தால் மூன்றாவது காரணம். இரண்டுக்கும் ஆரம்பக் குறி ஒன்றேதான்: தலைவலி, குமட்டல், அசதி. படகில் இருப்பவர்கள் சொல்வது, "காலைல சரியா சாப்பிடல போல."

சரி, நேயர் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். நம்ம புதுச்சேரிக் கடலில் பழைய பொருட்களைப் போட்டு உருவாக்கிய செயற்கைப் பாறை வரைக்கும் படகில் போய், கிட்டத்தட்ட 18 மீட்டர் இறங்கி வருகிறார்கள். குமட்டினால், எப்போது குமட்டியது என்று பாருங்கள். படகு நின்று அலையில் ஆடும்போதே ஆரம்பித்து, தண்ணீருக்குள் போனதும் குறைந்து, மேலே வந்து மிதக்கும்போது திரும்ப வந்தால் அது கடல் ஒத்துக்காமை. வங்காள விரிகுடாவில் இதுவே அதிகம். இறங்கும்போது காது வலித்து உடனே உலகம் சுற்றினால் காதுப்பறை. மேலே ஏறும்போது சில நொடி சுற்றி நின்றுபோனால் லண்ட்கிரென் சொன்னது. ஒரே தொட்டிக் காற்றை வாங்கிய, ஒரே இடத்தில் நிரப்பிய பலருக்கும் ஒன்றாகத் தலைவலித்துக் குமட்டினால் காற்றைச் சந்தேகப்படுங்கள். உப்புத்தண்ணீர் விழுங்கியிருந்தாலும் குமட்டும், அது சீக்கிரம் அடங்கிவிடும். கீழேயே வாந்தி வந்தால் வாயிலிருக்கும் ரெகுலேட்டரைக் கழற்றாமல் அதன் வழியாகவே எடுக்கலாம் என்று சொல்லித் தருவார்கள். அது உண்மைதான்.

ஆனால் கரைக்கு வந்து, டீ குடித்து, ஒரு மணி இரண்டு மணி நேரத்தில் திடீரென்று உலகம் சுற்றி, வாந்தி நிற்காமல், காது மந்தமாகி, நடை தள்ளாடினால் அதைப் பித்தம் என்று எலுமிச்சம்பழம் கொடுத்து உட்கார வைக்காதீர்கள். உள்காதில் குமிழி நின்றிருக்கலாம். உள்காதைக் குறிவைத்து வரும் இந்த வகையை மருத்துவர்கள் தனியாகப் பிரித்துப் பார்த்ததே 1970-களில்தான். ஆக்சிஜன் கொடுத்து, கடலுக்குள் போய் வந்ததைச் சொல்லி, அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். நேரம் போகப் போகக் காது திரும்பாது.

கடைசியாக எங்க ஏரியா விஷயம். லாஸ்பேட்டை என்ற பெயர் கவர்னர் ழான் லா தெ லொரிஸ்தோனிடமிருந்து வந்தது என்பார்கள். 'லா' என்ற பெயரை அந்தக் காலப் பிரெஞ்சுக்காரர்கள் 'லாஸ்' என்று உச்சரித்ததை வைத்துப் பார்த்தால் பொருந்துகிறது. இன்றைக்கு இந்த ஊரின் அடையாளம் ஏர்போர்ட். ஞாயிறு காலை கடலில் இறங்கிவிட்டு, மதியமே இங்கே வந்து விமானம் ஏறலாம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் கிட்டத்தட்ட இரண்டாயிரம் மீட்டர் மலை மேல் இருப்பதைப் போல. உடம்பில் மிச்சம் இருக்கும் நைட்ரஜனுக்கு அது இன்னொரு முறை மேலே ஏறுவது மாதிரி. ஒரே ஒரு முறை இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை என்றால் 18 மணி நேரம் பொறுக்கச் சொல்கிறார்கள். விமானம் மட்டும் இல்லை, இங்கிருந்து நேராக ஊட்டிக்குக் காரில் கிளம்புகிறவர்களுக்கும் அதே கணக்குதான், ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது.

அடுத்த வாரம் சங்குகுளியைப் பற்றியே தனியாக ஒரு எபிசோட் பேசுவோம். தூத்துக்குடிக் கேள்விகள் இருந்தால் அனுப்புங்கள்.